பஸ்காரரின் வலது கால்

விமானம் மறுபடியும் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. திரையில் புழுதி கிளம்பியது, புரொபெல்லர் வளைந்தது. நாற்காலியில் இருந்த பஸ்காரர் நிஜமாகவே அடிபட்டவர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மிளகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்க ஷிஃப்டுக்கு நேரமாகுது" என்றாள்.

"இன்னும் ரெண்டு தடவ ஓட்டலாம்மா" என்றார் அவர்.

மிளகா என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். கல்லூரிக்குப் போகிற பெண்ணை இன்னும் அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்பவர்கள், அவளோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து கேட்கட்டும்.

விஷயம் இதுதான். அப்பா காலமான பிறகு இத்தனை நாள் தனியாக இருந்த அம்மா, டவுன் பஸ் ஓட்டும் இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். "நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, விட்டுடறேன்" என்று மகளிடம் சொல்லியும் விட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மிளகாவுக்கு வாய் வரவில்லை. அதனால் குறுக்கு வழி பிடித்தாள். "அப்பாவோட விமானத்த ஒரே ஒரு தடவ உடையாம எறக்கட்டும், நான் குறுக்க நிக்கல. முடியலன்னா இந்தப் பேச்சே கூடாது." அம்மா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பஸ்காரர் சிரிக்கவில்லை. "சரிம்மா" என்றார். நாளைக் காலை பதிவு அலுவலகத்தில் தேதி சொல்ல வேண்டும். கெடு இன்றோடு முடிகிறது.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வாழ்நாளில் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் இந்தப் பின்னறையில் மூன்று திரைகளை வரிசையாக வைத்து, பலகையில் பெடல்களைத் திருகி, கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் அந்தக் காலத்துப் போர் விமானம் ஒன்றைக் குடிவைத்திருந்தார். வாலில் ஒரு குட்டிச் சக்கரம், முன்னால் நீள மூக்கு. இறங்கும்போது அந்த மூக்கு ஓடுதளத்தை முழுசாக மறைத்துவிடும். அதனால் வளைந்து வந்து, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தாழ்ந்து, கடைசி நொடியில்தான் நேராக்க வேண்டும்.

காலமெல்லாம் அகலக் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தவருக்கு இது எப்படிப் பிடிபடும்? முதல் ஞாயிறு, மூக்குக்கு மேல் எட்டிப் பார்க்க அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். இவர் எழுந்தால் படத்தில் இருக்கும் மூக்கு தாழ்ந்துவிடுமா? மிளகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் மனிதர் விடாக்கண்டர். ஞாயிறு தவறாமல் வந்தார். வளைந்து வரக் கற்றுக்கொண்டார். பூப்போலத் தரையைத் தொடவும் கற்றுக்கொண்டார். அப்போதுதான் மிளகாவுக்குச் சிரிப்பு நின்று பயம் பிடித்தது. இனி அவரைத் தடுப்பது அவருடைய வலது கால் மட்டும்தான். சக்கரம் தரையைத் தொட்டதும் அந்தக் கால், நிறுத்தத்தில் கை காட்டிய ஆளைப் பார்த்தது மாதிரி, தானாக ப்ரேக்கை அழுத்திவிடும். ப்ரேக் இருப்பது பெடலின் மேல்நுனியில். ஓட்டத்தில் அதைத் தொட்டால் வால் எழும்பும், மூக்கு குத்தும்.

அதற்கு மருந்தும் அவளுக்குத் தெரியும். அப்பா வெறுங்காலோடுதான் ஓட்டுவார். குதிகாலைப் பலகையில் ஊன்றிக்கொண்டால் விரல் மேல்நுனிக்கு எட்டாது. பஸ்காரரோ வாசலில் கழற்றிய ஷூவைக் கையில் எடுத்து வந்து, நாற்காலியில் உட்காருமுன் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டுவார். "ஷூ போடாம ஸ்டியரிங் புடிச்சா டிப்போல தொலைச்சுடுவாங்கம்மா" என்பார். அது தடித்த ஷூ. அடியில் பெடல் இருக்கிறதா செங்கல் இருக்கிறதா என்றே தெரியாது. "ஷூவைக் கழட்டுங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத்தான் அவள் வாரக்கணக்காகத் தொண்டையிலேயே வைத்திருந்தாள். அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த முறை சக்கரம் தரையைத் தொட்டது, வலது கால் அழுத்தியது, விமானம் பம்பரம் மாதிரி சுற்றி இறக்கையை ஒடித்துக்கொண்டது. பஸ்காரர் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை.

"அப்பா இதுல கால எப்படிம்மா வெச்சிப்பாரு?"

இப்படி நேராகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்றாள்.

வாசற்படியில் நிழலாடியது. நிமிர்ந்தாள். ஈரக் கையோடு அம்மா நின்றிருந்தாள். எத்தனை முறை இந்த அறையைப் பெருக்க வந்து, "காலத் தூக்குங்க" என்று அப்பாவின் வெறுங்காலைத் துடைப்பத்தால் தட்டியவள்! அம்மா மகளைப் பார்த்தாள். அவரிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. மிளகாவுக்குக் காது மடல் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"கடைசி தடவ" என்று பஸ்காரர் திரையின் பக்கம் திரும்பினார்.

விமானம் வளைந்து வந்தது. இடப்பக்கத் திரையில் ஓடுதளம் சாய்ந்து தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மரங்கள் கீழே நழுவின. மூக்கு நேரானது, ஓடுதளம் மறைந்தது. இனி முன்னால் ஒன்றும் தெரியாது. மிளகா கட்டிலை விட்டு எழுந்ததை அவளே கவனிக்கவில்லை. அவர் ஓட்டும் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்தார். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. அப்பாகூட இவ்வளவு அழகாக இறக்கியதில்லை.

வலது ஷூவின் நுனி மேலே நகர்ந்தது.

"வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே மிளகா தரையில் பாய்ந்தாள். மேசைக்கு அடியில் கையை விட்டு, அவர் குதிகாலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். கால் திமிறியது. அவள் விடவில்லை. "ரெண்டு காலையும் மாத்தி மாத்தி லேசா… லேசான்னா லேசா! அவ்ளோதான். வால் நேராகுது பாருங்க." தலைக்கு மேலே எஞ்சின் சத்தம் மெல்லத் தேய்ந்து, புரொபெல்லர் ஒவ்வொரு தகடாகத் தெரிய ஆரம்பித்தது. விமானம் ஓடுதளத்தின் நடுவில் முழுசாக நின்றது.

பஸ்காரர் குனிந்து அவளைப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா" என்றார். "நீ புடிச்சுட்ட."

ஆமாம், செல்லாது. அவள் வைத்த நிபந்தனை, அவளுக்குத் தெரியாதா? மனிதர் ஜெயித்தேன் என்று குதித்திருந்தால்கூட அவளால் வெறுத்திருக்க முடியும். மிளகா தரையிலிருந்து எழவில்லை. அவருடைய ஷூக் கயிற்றின் முடிச்சைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள். டிப்போ முடிச்சு, லேசில் அவிழவில்லை.

"என்னம்மா பண்ற? ஷிஃப்டுக்கு நேரமாச்சே."

"நீங்க இல்லாம பஸ் எங்க போயிடும்? இன்னொரு தடவ எறக்குங்க" என்றாள். நிமிராமலே ஷூவை உருவி ஓரமாக வைத்தாள். "அப்பா வெறுங்காலோடதான் ஓட்டுவாரு."