கடக்கக் காத்திருப்பவர்

காலை மணி எட்டே முக்கால். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டரம்மா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ரயிலடி நாற்சந்தியின் சிக்னல்களை அன்று எட்டு மணியிலிருந்து செயற்கை நுண்ணறிவு தானாகவே இயக்கிக்கொண்டிருந்தது. கேமராவில் வண்டிகளையும் ஆட்களையும் பார்த்து, யாருக்கு எவ்வளவு நேரம் பச்சை என்று அதுவே முடிவு செய்யும். பத்து மணிவரை பரீட்சை. தேறிவிட்டால் அங்கே காலம் முழுக்க நின்றுகொண்டிருக்கும் காவலருக்கு இந்த அறையில் ஒரு நாற்காலி.

அந்தக் காவலர் வேறு யாருமில்லை, அவள் புருஷன். துறையே அவரை விசிலார் என்றுதான் கூப்பிடும். பதினோரு வருடம் நின்றதில் முழங்கால் இரண்டும் சாயங்காலமானால் வீங்கிவிடும். மருத்துவர் சொல்லிப் பார்த்தார், அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், மனிதர் அசையவில்லை. கடைசியில் அதிகாரியிடம் நச்சரித்து, பரீட்சைக்கு அந்தச் சந்திப்பையே கேட்டு வாங்கினாள். "எதுக்கும் நான் ஓரமா நிக்கறேன்" என்று விசிலார் இன்றும் போய்விட்டார்.

பரீட்சையோ சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை நாலு பக்கமும் சிவப்பு விழுந்து, நடப்பவர்களுக்குப் பச்சை எரிந்தது. கடக்கத்தான் ஆளில்லை. வண்டிகள் பாலம்வரை நின்று ஹாரன் அடித்தன. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளில் எல்லாம் சமர்த்தாக ஓடிய இயந்திரம் இது. மென்பொருளைச் செய்த பொறியாளர் பெண்ணுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் பாப்போம். இல்லேன்னா பழையபடி ஆளை வெச்சே ஓட்டிக்கலாம்" என்றார் அதிகாரி.

ஆபரேட்டரம்மா கேமராப் படத்தைப் பெரிதாக்கினாள். ஆட்கள் கடக்கும் வரிக்கோட்டின் ஓரத்தில் விசிலார் நின்றிருந்தார். ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் சாலையில். அவரைச் சுற்றி இயந்திரம் மஞ்சள் கட்டம் போட்டு எழுதியிருந்தது: கடக்கக் காத்திருப்பவர், 46 நிமிடம்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு அவருக்கு வார விடுப்பு. இயந்திரம் அவரை இன்றுதான் பார்க்கிறது. பாவம், இந்த மனிதர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று இரங்கி, அவருக்காக ஊரையே நிறுத்திக்கொண்டிருக்கிறது. வண்டி நிற்க நிற்க, இவர் இன்னும் ஓரடி முன்னால் வருகிறார்.

போனைப் போட்டாள். "ஏங்க, அந்த ஓரத்துல நிக்காதீங்க."

"நிக்காம? உன் மெஷின் ஊரையே நிறுத்தி வெச்சிருக்கு."

"அது உங்களுக்காகத்தான் நிறுத்துது. நீங்க ரோட்டைக் கடக்கணும்னு காத்திருக்கீங்களாம்."

"அவ்வளவுதானே? கடந்துட்டாப் போச்சு."

மறுபடி பச்சை எரிந்ததும் மிடுக்காகக் கடந்தார். கட்டம் மறைந்தது. அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். எதிர்ப்பக்கம் போனவர் பழக்கதோஷத்தில் திரும்பி, ஒரு காலைச் சாலையில் இறக்கி வைத்தார். மஞ்சள் கட்டம் மீண்டும் முளைத்தது. பொறியாளர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

"எங்கயாவது உக்காருங்களேன்" என்றாள் ஆபரேட்டரம்மா.

"டூட்டில உக்கார்ற பழக்கம் நமக்குக் கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க முட்டிக்காகத்தாங்க இந்த ஜங்ஷனைக் கேட்டு வாங்கினேன். ராத்திரி தூக்கத்துல நீங்க முனகறதை இனிமேயும் என்னால கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியாது. எனக்காக உக்காருங்க."

திரையில் விசிலார் தொப்பியைக் கழற்றினார். மெதுவாக நடந்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

கட்டம் போயே போய்விட்டது. பாலம்வரை நின்ற வரிசை கால்மணி நேரத்தில் கரைந்தது. அதற்குப் பிறகு எந்த வண்டியும் ஒரு சிவப்புக்கு மேல் காத்திருக்கவில்லை. பத்தடித்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமைலேருந்து அவரை இங்க வரச் சொல்லும்மா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி போனை எடுத்தாள். "ஏங்க, பாஸாயிடுச்சு. திங்கக்கிழமை உங்களுக்கு இங்க நாற்காலி. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கொஞ்சம் இரு." உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பதினோரு வருஷமா இந்தக் கடை டீயைக் குடிக்கறேன். இது சூடாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."