துளசி ஒருமுறை பாடினாள்

விமலனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் தங்கை துளசி அன்றைக்கே மன்னித்துவிட்டாள்; அது அவள் குணம். தங்கை வீட்டுக்காரரை அவன் இவன் என்று பேசலாமா என்று கேட்பீர்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் என் கண்ணெதிரே மூக்கொழுகத் திரிந்தவன்தான், பேசலாம்.

இப்போது ராவாங் டவுனில் தொழிற்சாலை வேலை. கைப்பேசிப் பைத்தியம். போன வருடம் புதிதாக ஒன்றை வரவழைத்தான். எந்தப் பெரிய கம்பெனிக்கும் கட்டுப்படாத போனாம். உள்ளே ஓடும் புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாமாம். கேமரா மட்டும் அரைகுறை.

"கிட்ட இழுத்து எடுக்க முடியாதுக்கா. ஃபிளாஷும் இன்னும் வரல. அடுத்த அப்டேட்ல வந்துரும் லா."

"அப்பறம் எதுக்குப்பா இத வாங்குன?"

"இது நம்மள வேவு பாக்காதுக்கா."

எங்களை வேவு பார்த்து எவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று சிரித்தேன். துளசியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். சிரிக்கும்போது குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம்.

சளி இல்லை. குரல்வளையில் புற்று. பிரசவம்வரை காத்திருக்க முடியாது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். உயிர் பிழைப்பாள், பழைய குரல் திரும்பாது. துளசி எங்கள் முன்னால் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"என் பிள்ளைக்கு என் கொரலு தெரியணும்க்கா."

அவள் நாலு பேர் முன்னால் பாடுகிறவள் இல்லை. துணிக்கடையில் வேலை, கூச்சக்காரி. ஆனால் சமையலறையில் அவள் முணுமுணுத்தால் நான் குழாயை மூடிவிட்டுக் கேட்பேன். என் போனிலும் அவள் குரல் இருக்கிறது: "அக்கா, சந்தைக்குப் போனா கருவாடு வாங்கிட்டு வா." அதைப் போட்டா பிள்ளையைத் தூங்க வைப்பது?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் சாரோங் கைலியில் தொட்டில் கட்டினோம். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. அதனால் அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, உள்ளே கிடத்தினேன். ஒரே ஒரு தடவைதான் பாடுவேன் என்றாள் துளசி. பிறக்காத பிள்ளைக்கு அதற்கு மேல் பாடினால் கண் பட்டுவிடும் என்று பயம். நான் என் போனை எடுத்தேன்.

"வேணாம்க்கா," என்றான் விமலன். "ஒங்க போன்ல எடுத்தா எவன் எவனுக்கோ போயிரும். இவ கொரலு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

"சும்மா இருப்பா, ரெண்டுலயும் எடுப்போம்."

துளசி என் கையைப் பிடித்தாள். "அவரே எடுக்கட்டும்க்கா. ஆசைப்படுறாரு."

போனைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் சோதித்துப் பார்க்காமல் இல்லை. முந்தின நாளே வாசலில் படுத்திருந்த பூனையை வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறான். படம் கண்ணாடி மாதிரி வந்ததாம். தூங்குகிற பூனை என்ன சத்தம் போடும்?

துளசி பாடினாள்.

"பழ லோரி போயிருச்சு, பாதையெல்லாம் தூங்கிருச்சு, பால் குடிச்ச என் கண்ணே, நீ மட்டும் ஏன் முழிச்சே..."

தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றிப் போகும் லோரியை வைத்து அவளே கட்டிய பாட்டு. இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் பாடி முடித்தாள். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழுதேன்.

விமலன் உடனே போட்டுக் காட்டப் போனான். துளசி தடுத்துவிட்டாள். "பிள்ளைக்குன்னு பாடுனது. அது கேக்கறதுக்கு முன்னாடி நாம கேக்கக் கூடாது. தொட்டில் போடுற அன்னிக்குப் போடுங்க."

அவனும் அதைத் திறக்கவே இல்லை. மனைவி சொல் தட்டாத மகராசன்.

ஆபரேஷனில் குரல் போனது. மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, தொட்டில் போடும் அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துளையை மெல்லிய துணியால் மறைத்திருந்த துளசி, மகளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு விமலனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போனைத் தொட்டிலுக்குள் நீட்டினான்.

படத்தில் துளசியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினான். நிறுத்திவிட்டு மறுபடி போட்டான். வாய் மட்டும்தான் அசைந்தது.

அந்தப் போனில் அப்போது வீடியோவோடு சத்தம் பதிவாகாதாம். செய்தவர்கள் சொல்லித்தான் இருந்தார்களாம். இவன் கண்ணில் படவில்லை. அதற்கு முந்தின மாத அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்துவிட்டார்களாம். இனிமேல் எடுப்பதெல்லாம் நன்றாகக் கேட்குமாம். இதையெல்லாம் அவனே தேடிப் படித்துச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"வயித்துக்குள்ள இருந்தே கேட்டிருக்கும் லா," என்றார் பெரியம்மா அன்னம்மா. கேட்டிருக்கட்டும். எனக்கு அது போதாது.

துளசி அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்த்தாள். தன் உதட்டைத் தொட்டுவிட்டுத் தொட்டிலைக் காட்டினாள். பாடச் சொல்கிறாள். எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். வார்த்தைகூட முழுதாக நினைவில்லை. அவள் ஒவ்வொரு வரியாக வாயசைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, என் தகரக் குரலில் பாடினேன்.

சிணுங்கல் அடங்கியது. தாய்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை மெல்ல முகத்தைத் திருப்பி, குரல் வந்த பக்கம், என்னைப் பார்த்தது.

துளசியும் அதைப் பார்த்தாள். அடுத்த வரிக்கு வாயசைத்தாள்.