வேலிக் கம்பத்தில் ஒரு துண்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பல் வலியில் பிறந்தது. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டி. அதில் வறண்ட மலை ஒன்று, மலைச் சரிவில் ஒரு கம்பி வேலி. வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல். வெளியே மொட்டை மண். ஆடு மேய்ந்தால் மலை இப்படித்தான் ஆகும் என்று கீழே ஒரு வரி. வலியில் இருப்பவன் எதையும் நம்புவான், நானும் நம்பினேன். அப்புறம்தான் மூலைக் கம்பத்தைப் பார்த்தேன். அதில் ஒரு துண்டு தொங்கியது.

யாருடைய துண்டு? ஆளே இல்லாத மலையில் துண்டைப் போட்டுவிட்டு எங்கே போனான்? உள்ளே கூப்பிட்டார்கள். பல் போயிற்று. துண்டு மட்டும் போகவில்லை.

2.

முதல் தொடக்கம்: மலை அழுதது.

[அடித்துவிட்டேன். மலை அழாது. மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் வேண்டுமானால் அழுவார்கள்.]

இரண்டாவது: வறண்ட மலைப் புல்வெளிகளில் மேய்ச்சல் தாவரங்களின் மீது ஏற்படுத்தும்...

[இதை என் மாமனார் ஒருவர்தான் படிப்பார். அவரும் கண்ணாடியைத் தேடும் சாக்கில் எழுந்து போய்விடுவார்.]

மூன்றாவது: அவள் புல்லை எண்ணுகிறவள்.

இது நிற்கிறது. நகரத்தில் அவளுக்கு அலுவலகம். மேசை முழுக்கக் காய்ந்த செடிகளை ஒட்டிய அட்டைகள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மலைக்கு வருவாள். ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்ன புல், என்ன முள், எவ்வளவு மண் வெறுமையாகத் தெரிகிறது என்று குனிந்தபடி பார்ப்பாள். அதே மலையில்தான் அவள் அண்ணன் செம்மறி மேய்க்கிறான். அந்த ஆடுகள்தான் அவளைப் படிக்க வைத்தவை.

"என்ன புல்லு டாக்டர், இந்தத் தடவ யாருக்கு ஜுரம்?"

"எல்லாத்துக்கும்தான். உன் ஆடு கடிச்ச கடி அப்படி."

"ஊசி போட்டுட்டு சீக்கிரம் வா. அண்ணி சாப்பிடாம உக்காந்திருக்கா."

3.

அண்ணனை நான் முதலில் கோபக்காரனாகத்தான் எழுதினேன். தங்கை ஆபீஸ்காரி, அண்ணன் ஆட்டுக்காரன், நடுவே வேலி. சண்டை தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வரவில்லை. அவன் வேலியைப் பிடுங்கி எறிகிற காட்சியை எழுதினேன். என் மனைவி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவன் தங்கச்சி வச்ச வேலிய பிடுங்க மாட்டான்ங்க. அடுத்தவன் பிடுங்குனா அடிப்பான்."

அந்த நிமிஷத்தில் கதை என் கையைவிட்டுப் போய்விட்டது. துண்டு யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

4.

[கதையை நிறுத்திவிட்டுப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

ஆடு கண்டதையும் தின்னும் என்பார்கள். செம்மறி அப்படியில்லை, நாக்கு நீளம். இனிப்பான புல்லைத் தேடித் தேடிக் கடிக்கும், கசப்பையும் முள்ளையும் விட்டுவைக்கும். ஒரே இடத்தில் விடாமல் மேய்ந்தால் இனிப்புப் புல் வேரோடு களைத்துப் போகும், அதன் இடத்தில் முள் வந்து உட்காரும். மந்தை ஓரிடத்தில் படுத்துக் கிடந்தால் இன்னும் மோசம்; குளம்பு மிதித்து மண் கெட்டியாகி, பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். அதற்காக ஆடே கூடாது என்று முழுக்க அடைத்தால் மலை பிழைத்துவிடுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. தின்ன ஆளில்லாத புல் நின்ற இடத்திலேயே காய்ந்து, சருகாக மூடிக்கொள்ளும்; அடியில் வருகிற தளிருக்கு வெளிச்சம் கிடைக்காது. ஆகவே எத்தனை ஆடு, எந்த மாதம், எங்கே எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடந்ததுதான் இந்தக் கதை.

5.

ஆடு நுழையாத இடத்தில் புல் எப்படி வளர்கிறது என்று பார்க்க அவள் முதலில் போட்ட வேலியை யாரோ கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விறகுக்கு மரம், வீட்டுக்குக் கம்பி. அவள் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். வேலி போனால் வேலையும் போகும்.

"அழாத. திரும்பப் போடு. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

ஆட்டோடு சுற்றுகிறவன் வேலியை எப்படிக் காப்பான்? ஆட்டையும் அங்கே கொண்டுவந்துதான். வெயில் ஏறும் நேரத்தில் மந்தையை வேலியோரம் மடக்கிப் படுக்கவிட்டு, துண்டை மூலைக் கம்பத்தில் போட்டு, அந்தக் கையகல நிழலில் தலையை வைத்துக்கொண்டான். தினமும். தங்கை வருகிற நாட்களில் மட்டும், அவள் வேலைக்கு ஆடு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று, மந்தையை விடிகாலையிலேயே மலையின் அந்தப் பக்கம் ஓட்டிவிடுவான். துண்டை எடுத்துப்போக மட்டும் மறந்துவிடுவான்.

வேலிக்கு உள்ளும் வெளியும் ஒரே மண்ணாக, ஒரே சரிவாக இருக்க வேண்டும் என்பதால் வெளிச் சதுரங்களை வேலியை ஒட்டியே வைப்பது அவர்கள் துறையில் வழக்கம். வைத்தாள். உள்ளே புல், வெளியே மண். பார்த்ததை எழுதினாள். அதைப் படித்த மேலிடம் மலையை எல்லா மந்தைகளுக்கும் அடைத்துவிட்டது.

6.

[இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. சுருக்கமாக முடிக்கிறேன்.]

அண்ணன் ஆடுகளை விற்றான். இப்போது ஒரு சிமென்ட் கிடங்கில் காவல். எதிர்வீட்டுக்காரருக்கும் மந்தை இருந்தது. அவளைக் கண்டால் அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் கேட்டாள்.

"என் மேல உனக்குக் கோவமே இல்லயாண்ணா?"

"நீ என்ன பண்ணுவ? பாத்தத எழுதுன. உள்ள எப்படி, வெளிய எப்படின்னு நானும்தான் தெனம் பாத்தேன். நம்ம ஆடு மலைய இந்தக் கதி பண்ணும்னு நெனைக்கவே இல்ல."

"கிடங்கு வேலை கஷ்டமா இருக்கா?"

"காவல் காக்கறது எனக்குப் புதுசா? உன் வேலிக்கு வாட்ச்மேனா இருந்தவன்டி நான். மத்தியானம் பூரா மந்தையோட அங்கயேதான கெடப்பேன்! ஒரு கம்பத்த எவனாவது தொட்டானா?"

அண்ணி சிரித்தாள். தங்கைக்குத் தட்டில் கை நின்றுவிட்டது.

மறுநாள் மலையேறினாள். வேலியிலிருந்து தள்ளி நடக்க நடக்க, ஆடு மேய்ந்த சரிவிலும் புல் இருந்தது. குட்டையாக, இடையிடையே முள்ளோடு, ஆனால் உயிரோடு இருந்தது. மொட்டை மண் வேலியைச் சுற்றி மட்டும்தான். அலுவலகத்துக்குத் திரும்பி, தான் எடுத்த படங்களையெல்லாம் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் மூலைக் கம்பத்தில் துண்டு. போன வருஷம்வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனின் மறதியை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வரும். இப்போது படங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

7.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் மேலிடத்துக்கு உண்மையைச் சொல்கிறாள். மலை திறக்கிறது. எதிர்வீட்டுக் கதவும் திறக்கிறது, ஆனால் அவர் வெளியே வந்து கேட்கிறார்: "அப்ப மண்ண மொட்டையாக்குனது உங்க அண்ணனா?" அதைக் கேட்டுக்கொண்டு அண்ணன் நிற்கிறான். [கிழித்துவிட்டேன்.]

இன்னொன்றில் அவள் வாயைத் திறப்பதில்லை. அண்ணன் நல்ல காவல்காரனாகவே கிழவனாகிறான். மலையில் புல் உயர்ந்து, காய்ந்து, சருகாகி, தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. எதிர்வீட்டுக்காரர் கடைசிவரை கதவைச் சாத்துகிறார். [இதையும் கிழித்தேன். அவர் என்ன பாவம் செய்தார்?]

மூன்றாவதில் அவன் தானாகவே புரிந்துகொள்கிறான். அதை எழுதி முடித்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. சொல்லப் பயந்த கதாசிரியன் சுமையை அவன் தலையிலேயே ஏற்றிவிட்டான்.

8.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். சாயங்காலம். அண்ணன் வீடு. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நிற்கிறாள். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். அல்லது, சொல்லாமல் போகத்தான். அவன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே தலையை நிமிர்த்துகிறான்.

"வா வா, புல்லு டாக்டர். மலைக்குப் போனியாமே? வேலிய நல்லாப் பாத்துக்கிட்டேன்ல?"

அவள் சொன்னாள்: "[                                        ]"

அந்த அடைப்புக்குறிக்குள் நான் எழுதி எழுதி அழித்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. இனி உங்கள் பாடு. ஆமாம் என்று எழுதினாலும் சரி, இல்லை என்று எழுதினாலும் சரி, கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவன் சிரித்த முகத்தோடு பதிலுக்குக் காத்திருக்கிறான். தோளில் அந்தத் துண்டு கிடக்கிறது. வேலைக்கு வேறு நேரமாகிறது.