போ என்ற சொல்

எனக்கு வாய் நீளம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயையே என் மகள் வள்ளியம்மை கட்டிப்போட்டிருந்தாள். தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். எட்டு வயதுதான். அவள் அப்பா ரத்தினவேல் ரோட்டில் அடிபட்டுச் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பதிலாக எனக்குக் கொடுத்த வேலை. அது போனால் வீடும் போகும். டெல்லியில் எங்களுக்கென்று வேறு யாரும் கிடையாது.

அதட்டினேன், கெஞ்சினேன். நாளுக்கு நாள் முற்றியதுதான் மிச்சம். ஒரு திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னைக்கு வெறும் 'போறேன்'னுதான் சொல்வேன். ஆறு மணிக்கு வர்றேனா இல்லையான்னு நீயே பாரு."

வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்றைக்கென்று பார்த்துத்தானா பஸ் பாதி வழியில் நிற்க வேண்டும்! பனிக்காலம், சீக்கிரமே இருட்டிவிட்டது. ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. பாவி, பிள்ளையை வைத்தா பரீட்சை பார்த்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். திட்டுவதற்குக்கூட எனக்கு வேறு ஆள் இல்லை.

ஏழே காலுக்கு வந்து சேர்ந்தேன். மாடிப்படியில் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அழவில்லை.

"மொதல்ல நீ செத்துட்டேன்னு நெனச்சேன். அப்புறம், பஸ் கராப் ஆயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஆமா, பஸ்தான் கெட்டுப்போச்சு" என்றேன்.

"அப்போ, 'போறேன்'னு சொன்னா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது."

"அன்னைக்கு அப்பாவை நான் 'போ'ன்னு சொன்னேனே?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தெருப் பிள்ளைகளோடு இந்தியில் போ என்பதற்கு 'ஜாவ்' என்று பேசிப் பழகியவள், அன்று காலை தமிழிலும் அப்படியே "போப்பா" என்று வழியனுப்பினாள். "போயிட்டு வாங்கன்னு சொல்லுடி, அபசகுனம் பிடிச்சவளே" என்று முதுகில் ஒன்று வைத்தவள் நான்தான். மத்தியானம் அவர் போய்விட்டார். அப்பாவைக் கொன்றது தான்தான் என்று ஒரு வருஷமாக இவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு.

"நீ சொன்னதுல தப்பே இல்ல கண்ணு. அம்மா சொன்னதுதான் தப்பு" என்றேன். படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை வாசலில் நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "போம்மா" என்றாள்.

'போயிட்டு வான்னு சொல்லு' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். சிரித்துக்கொண்டே படி இறங்கினேன்.