காலி லிஃப்டின் எடை

இந்தக் காலத்து லிஃப்டுகளுக்கு வாய் அதிகம். ஏறியவுடன் எடை பார்க்கும், மூச்சை வைத்துத் தலை எண்ணும், "மூவர் ஏறியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் நகரும். இவற்றைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. மற்ற வேலைகளையெல்லாம் ரோபோக்கள் எடுத்துக்கொண்டன. கிரீஸ் நாற்றம் பிடிக்காததால் இதை மட்டும் எனக்கு விட்டுவைத்தன.

அந்த நாற்பது மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, காலி லிஃப்டு பத்தொன்பது கிலோ காட்டுது. 'ஒருவர் இருக்கிறார்'னு வேற சொல்லுது. காலையில கூட்டம் ஏறினா ஓவர்லோடுன்னு என்னைத்தான் எறங்கச் சொல்லுது!"

அவர் உடம்பைப் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தில் லிஃப்டின் மேல் தப்பில்லை.

வடத்தைப் பார்த்தேன், எடைமானியைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, யாரும் பொத்தானைத் தொடாமலே, லிஃப்டு என்னையும் ஏற்றிக்கொண்டு முப்பத்தோராம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்க ஒரு தையல்காரம்மா அங்கே நின்றிருந்தாள். நான் வெளியே வந்ததும் லிஃப்டுக்குள் எடை காட்டும் பலகையைப் பார்த்தாள்.

"போன வருஷம் பதினாறு இருந்தா. வளர்றா."

மகளாம். காய்ச்சலில் துவண்டவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட இதே லிஃப்டில்தான் ஏறினாளாம். ஏறும்போது "இருவர்" என்றதாம். பாதி வழியில், யாரும் கேட்காமலே, "ஒருவர்" என்று திருத்திக்கொண்டதாம்.

"சரி பண்ணிடாதீங்கய்யா. நான் அவளைப் பாக்கறது அந்த நம்பர்லதான்."

"சரி பண்ணலேன்னா நாளைக்கே இதைக் கழட்டிக் காயலான் கடையில போட்டுடுவாராம் செயலாளர். அது வேண்டாம்னா, இப்ப காட்டற எடையையே பூஜ்யம்னு வெக்கணும்."

எங்கள் தொழிலில் பூஜ்யம் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தவேண்டும். என் கூட்டாளி ஒருவன், மச்சான் உள்ளே தூங்குவது தெரியாமல் அழுத்திவிட்டான். அன்றிலிருந்து எந்த லிஃப்டும் அந்த மச்சானை ஓர் ஆளாக மதிப்பதில்லை. வீட்டில் முன்பே மதிப்பில்லாததால் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"அவ உள்ள இருக்கும்போதே வெச்சா?" என்றாள் தையல்காரம்மா.

"இருந்தாலும் இல்லாத கணக்குதாம்மா."

அளவுநாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"வளர்ற பிள்ளை. எவ்வளவு நாள்தான் இந்தப் பொட்டிக்குள்ளயே வளருவா?" என்றாள். "வாங்க, கீழ போவோம்."

தரைத்தளத்தில் இருவரும் வெளியே வந்தோம். முறைப்படி குரல் கொடுத்தேன்.

"உள்ள யாரு? எறங்குங்க."

பலகையில் பத்தொன்பது அசையவில்லை. என் பேச்சைப் பேரப்பிள்ளைகளே கேட்பதில்லை, இதுவா கேட்கும்?

அவள் லிஃப்டின் முன்னால் மண்டியிட்டாள். கையை நீட்டினாள்.

"எறங்குடா கண்ணு. கீழ வந்தாச்சு."

பலகை பூஜ்யத்துக்கு வந்தது. நான் எதையும் அழுத்தவில்லை.

தெருக்கதவு, ஆள் அருகில் போனால் மட்டும் திறப்பது. கூடத்தின் அந்தக் கோடியில் அது தானாகத் திறந்தது. கொஞ்ச நேரம் வெயில் உள்ளே வந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது.

"ஓடிட்டா. கையைக்கூடப் பிடிக்கல," என்றாள். "எப்பவும் இப்படித்தான்."

செயலாளர் ஓடிவந்தார். "அட, பூஜ்யம்! என்ன செஞ்சீங்க பெரியவரே?"

"கொஞ்சம் கிரீஸ்," என்றேன்.

அவளை மேலே கொண்டுபோய் விட நானும் ஏறினேன். "இருவர் ஏறியிருக்கிறீர்கள்," என்றது லிஃப்டு. அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, நீங்க எத்தனை கிலோ?"

என் எடையில் பத்தொன்பதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். காலமெல்லாம் புளுகியே பிழைத்த வாய்க்கு, அன்றைக்கென்று பார்த்துப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

விரல்களை மடக்கிக் கழித்தாள். மிச்சம் அவள் மட்டும்தான். முப்பத்தோராம் மாடி வருவதற்குள் இன்னொரு தடவை கழித்துப் பார்த்தாள்.