நான் உட்காராத வழி

நான் எந்த வழியில் உட்கார்ந்தாலும் பன்றிகள் அடுத்த வழியாகப் போய்விடுகின்றன. மண்பாலத்தில் காத்திருந்தால் பம்பு வீட்டுப் பக்கம் ஓடுகின்றன. சரி என்று பம்பு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் மண்பாலத்தில் நிதானமாக நடந்து கடக்கின்றன. நான் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்ப்பவன். எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு, அதைத் தேடினால் கிடைக்கும் என்று நம்பிப் பிழைப்பவன். இந்தப் பழுதுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை.

இடத்தைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஜெராம் ஊரிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது, பாமாயில் எடுக்கும் பனை. அதை ஒட்டி யாரும் கவனிக்காத ஒரு துண்டு நிலம், இடுப்பளவு பெரணிப் புதர் மண்டிக் கிடக்கிறது. இரவெல்லாம் எங்கள் பனங்கன்றுகளைத் தின்றுவிட்டு விடிந்ததும் பன்றிகள் அந்தப் புதரில்தான் படுத்துக்கொள்ளும். புதருக்குத் தெற்கே ஆழமான கால்வாய், இறங்க முடியாது. கிழக்கே கால்வாயைக் கடக்கும் மண்பாலம். அதைத் தாண்டினால் உடனே சதுப்புக் காடு, அதுதான் அவற்றின் வீடு. மேற்கே பழைய பம்பு வீட்டை ஒட்டி வேலி உடைந்த ஓர் இடைவெளி. அதன் வழியாகவும் காட்டுக்குப் போகலாம், ஆனால் பெரிய சுற்று. வடக்கிலிருந்து ஒருவன் நாயோடு புதருக்குள் நுழைந்து கலைத்தால், பன்றிகளுக்கு இந்த இரண்டு வழிகள்தான்.

கலைப்பவன் லிங்கேஸ்வரன், என் மனைவி கலாவதியின் தம்பி. பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். நாயின் பெயர் பூரான். சுடுபவன் நான் ஒருவன்தான். உரிமம் என் பெயரில் இருக்கிறது, வேறு யாரும் அந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அப்பா காலத்தில் இதே ஒற்றைக்குழல் துப்பாக்கி மானுக்கும் தூக்கியதுதான். இப்போது மான் வேட்டைக்குத் தடை. எனக்குக் கிடைத்திருக்கும் அனுமதி பயிரைக் காக்க, காட்டுப்பன்றிக்கு மட்டும்.

செம்பனைக் கன்றை நட்டால் காய்க்க மூன்று வருடம் ஆகும். அதுவரை வீடு நடக்கத்தான் தொழிற்சாலையில் இரவுப் பணி. கன்றின் அடியை மூக்கால் கெல்லி, சாய்த்து, நடுவிலிருக்கும் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் பன்றி அடுத்த கன்றுக்குப் போகும். தேங்காய்க் குருத்து போல இனிக்குமாம். குருத்து போனால் கன்று போயிற்று. சுற்றிக் கம்பிவலை கட்டினேன், வலையையும் தூக்கிப் போட்டுவிட்டது. இரண்டு முறை நட்டது முழுவதும் இப்படிப் போனது. இப்போது நிற்பது மூன்றாவது முறை நட்டவை.

"இதுவும் போச்சுன்னா பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுருவோம்ங்க," என்று கலாவதி சொல்லியிருந்தாள். "அவரு வேலி போட்டுப் பாத்துக்குவாரு. நீங்க ராத்திரி வேலையும் பாத்துக்கிட்டு, காலையில பன்னியும் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு?"

குத்தகைக்கு விட்டால் நிலம் எங்கள் கையை விட்டுப் போகும். இரவுப் பணி என்னை விட்டுப் போகாது. எனக்கு அந்த நிலம் மரம் அல்ல. இரவில் தூங்கும் வாழ்க்கை. அதைத்தான் பன்றி கெல்லிக்கொண்டிருந்தது.

லிங்கேஸ்வரனுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. எனக்கு விடுமுறை புதன். சனி இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, ஞாயிறு காலை நேராக வேட்டைக்கு வரவேண்டும். விடுமுறை நாளை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளர் பிரமிளாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம எல்லாருக்கும்தாண்ணே வேணும். ஒருத்தருக்கு சர்ச்சு, ஒருத்தருக்குக் கல்யாணம். உங்களுக்கு என்ன?"

"பன்னி."

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. நாள் மாறவில்லை.

முதலில் தொழிற்சாலை வாசனையைத்தான் சந்தேகித்தேன். பீங்கானில் செய்த கை அச்சுகள் ஒரு சங்கிலியில் வரிசையாகத் தொங்கி, ரப்பர் பாலில் முங்கி எழுந்து, அடுப்புக்குள் போய் வரும். ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா. கையுறையின் பிசுபிசுப்புப் போகக் குளோரின். இரண்டுமே மூக்கைத் துளைக்கும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குத்தான் எல்லாம். ஆகவே தொழிற்சாலையிலேயே ஒரு முறை குளித்தேன், வீட்டில் மறுபடி குளித்தேன், துவைத்து வெயிலில் காய்ந்த சட்டையை மாற்றினேன். தூக்கம் கலையத் தைலத்தை நெற்றியிலும் மூக்குக்குக் கீழும் தடவிக்கொண்டு மண்பாலத்தில் போய் உட்கார்ந்தேன். பூரான் குரைத்தது. துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டேன். நாய் குரைக்கும்வரை குழலை மடித்து வெறுமையாக வைத்திருப்பதுதான் என் வழக்கம். பெரணி அசைந்தது. என்னை நோக்கி வந்த அசைவு பாதியில் நின்று, திரும்பி, மேற்கே போய்விட்டது.

"மச்சான், எல்லாம் பம்பு வூட்டுப் பக்கம் போயிருச்சிலா!" என்று லிங்கேஸ்வரன் கத்தினான்.

அடுத்த வாரம் பம்பு வீட்டில் உட்கார்ந்தேன். பூரான் குரைத்தது. ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தால் மண்பாலம் முழுக்கக் குளம்புத் தடம்.

"பேரு மட்டும் அர்ஜுனன்," என்றான் லிங்கேஸ்வரன். "ஒனக்குத் தேரும் ஓட்டி, பன்னியையும் நானே கலைக்கிறேன். அப்பயும் ஒண்ணும் விழ மாட்டேங்குது."

"தேரு இல்ல, லோரி."

"லோரிதான் லா. அதுக்கு வாங்கின கடனே இன்னும் கட்டி முடிக்கல."

அதற்கு அடுத்த வாரம் காலையில் கிளம்பும் நேரத்தில் ஆறாவது வரிசையின் சங்கிலி அறுந்தது. "அண்ணே, இத மட்டும் பாத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் பிரமிளா. பார்த்துவிட்டுப் போனபோது வெயில் ஏறியிருந்தது, லிங்கேஸ்வரன் போய்விட்டிருந்தான், நிலத்தில் ஒரு வரிசைக் கன்றுகள் சாய்ந்து கிடந்தன. நடுவில் குருத்து இருந்த இடத்தில் ஓட்டை. கலாவதி வந்து பார்த்தாள். கைப்பேசியை எடுத்துக் பக்கத்துத் தோட்டக்காரரின் எண்ணைத் தேடினாள்.

"இந்த மாசம் முடியட்டும்," என்றேன்.

"முடியட்டும்," என்றாள். கைப்பேசியை உள்ளே வைக்கவில்லை.

அன்று மாலை லிங்கேஸ்வரன் பூரானோடு வீட்டுக்கு வந்தான். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பூரான் காலைச் சுற்றிக் குழைந்தது. குனிந்து அதன் தலையைத் தடவினேன். முகத்துக்கு நேராக ஒரு தும்மல். பின்வாங்கி இன்னொரு தும்மல். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு போய்க் கலாவதியின் காலடியில் படுத்தது.

"அதுக்கே தாங்கல," என்றாள் கலாவதி. "ஒங்க தலையணைய நான் வெயில்ல போடாத நாளே கெடையாது. வீடு பூரா தைல வாசம்."

எந்தத் தைலம் என்று கேட்க வாயைத் திறந்தேன். சட்டைப் பையில் சின்னப் பாட்டில் இருந்தது. இரவுப் பணியில் அந்தப் பாட்டில் இல்லாதவர் யாரும் இல்லை. நள்ளிரவு தாண்டிக் கண் சொருகும்போது தடவுவோம், விடிவதற்கு முன் ஒருமுறை தடவுவோம், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். எங்களுக்கு அது வாசனையே இல்லை. கண்ணைத் திறந்து வைக்கும் ஒரு கருவி, திருப்புளி மாதிரி. அம்மோனியாவைப் போக்க இரண்டு முறை குளித்துவிட்டு, அதன்மேல் அந்தத் தைலத்தைத் தடவிக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் பன்றிக்காகக் காத்திருந்தேன்.

காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் அடுத்த ஞாயிறு தைலம் தொடாமல் மண்பாலத்தில் போய் உட்கார்ந்தேன். புதரைப் பார்த்தேன். காலை வெயில் முதுகில் இதமாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, லிங்கேஸ்வரன் என் தோளை உலுக்கியதுதான்.

"எந்திரி மச்சான். குடும்பத்தோட போயிருச்சி."

என் பூட்ஸுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பெரிய குளம்பும் சின்னக் குளம்புமாகத் தடம். ஈரம்கூடக் காயவில்லை. துப்பாக்கி மடித்தபடியே மடியில் கிடந்தது.

"ஒன் பூட்ஸ மோந்து பாத்துட்டுப் போயிருக்கு. குட்டிங்கள்ட்ட சொல்லியிருக்கும், சத்தம் போடாதீங்க, பாவம், ராத்திரி ஷிப்டு பாத்த மனுசன்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தைலம் தடவினால் பன்றி வராது. தடவாவிட்டால் நான் விழித்திருக்க மாட்டேன். காப்பி குடித்தும் பார்த்திருக்கிறேன், கைதான் நடுங்கியது. பாலத்தின் மண்ணை உதைத்தேன். கால் வலித்தது.

"தூங்கறதுன்னா வூட்டுலயே தூங்குலா," என்றான் லிங்கேஸ்வரன், பூரானுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டே. "ஒன் சட்டைய மட்டும் அனுப்பி வை. பன்னிய வெரட்ட அதுவே போதும்."

அவன் கேலியாகத்தான் சொன்னான். விரட்டுவதற்குச் சட்டை போதும் என்றால், சுடுவதற்கு நான் பாலத்தில் இருக்கவேண்டியதில்லை. ஆனால் பம்பு வீட்டில் நான் தைலத்தோடு உட்கார்ந்த அன்றும் பன்றி என் பக்கம் வரவில்லையே, அது ஏன்? அந்தக் கேள்வியோடுதான் அன்றிரவு வேலைக்குப் போனேன்.

விடை மறுநாள் காலை தொழிற்சாலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கொதிகலனின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். புகை கடல் பக்கம், மேற்கே சாய்ந்திருந்தது. பணி முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு காலையும் அது அப்படித்தான் சாய்ந்திருக்கும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூட்டை வைத்துக்கொள்ளும். கடலின்மேல் இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப நிலத்துக் காற்று கடலை நோக்கி நகரும். வெயில் ஏறி நிலம் சூடானதும் எல்லாம் தலைகீழாகிவிடும். காலையில் மட்டும் காற்று கிழக்கிலிருந்து மேற்கே.

நின்ற இடத்திலேயே பழுது பிடிபட்டது. மண்பாலம் புதருக்குக் கிழக்கே. அங்கே நான் உட்கார்ந்தால் காற்று என் தைலத்தை அள்ளிப் பன்றியின் மூக்கில் கொண்டுபோய் வைக்கும், அவை திரும்பிவிடும். பம்பு வீடு மேற்கே. அங்கே உட்கார்ந்தால் என் வாசனை கடலுக்குப் போய்விடும். நான் இருப்பதே பன்றிகளுக்குத் தெரியாது. ஆனால் பாலத்தில் தடுக்க எதுவும் இல்லாததால், வீட்டுக்குக் குறுக்கு வழி அதுதான் என்று அவை பாட்டுக்கு அதில் போயின. ஒரு வழியில் என்னை மோப்பம் பிடித்து விலகின, இன்னொரு வழியில் என்னைத் தெரியாமலே விலகின. இரண்டு காரணம், ஒரே அறிகுறி. சங்கிலியில் இப்படி வந்திருந்தால் ஒரே இரவில் கண்டுபிடித்திருப்பேன். பன்றி என்றதும் அதற்கு என்னைத் தெரியும், என்னோடு அதற்குப் பகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிங்கேஸ்வரனைத் தொலைபேசியில் அழைத்தேன். "நீ சொன்ன மாதிரியே சட்டைய அனுப்பி வைக்கப் போறேன்."

"தூக்கம் மண்டைக்கு ஏறிருச்சா?"

"ஞாயித்துக்கெழம வா. சொல்றேன்."

சனி இரவு வேலைக்குப் போனதும் பிரமிளாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "காலையில எந்தச் சங்கிலி அறுந்தாலும் நான் கெளம்பிருவேன். காத்து திரும்புறதுக்குள்ள போகணும்."

"காத்தா?" என்றாள். விளக்க ஆரம்பித்தேன். ரப்பர் பால் தொட்டியைத் தாண்டுவதற்குள் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "போங்கண்ணே, போங்க. அறுந்தா மெக்கானிக் ஆறுமுகத்த வச்சுப் பாத்துக்கிறேன்."

காலையில் வேலைச் சட்டையைக் கழற்றி, பாட்டிலில் பாதியை அதன்மேல் ஊற்றி, மண்பாலத்து முனையில் ஒரு கழியில் மாட்டினேன். இருந்த மீதியை நெற்றியிலும் மூக்குக்குக் கீழும் தாராளமாகத் தடவிக்கொண்டு, சுற்றிப் போய்ப் பம்பு வீட்டின் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. நன்றாக விழித்திருந்தேன்.

பூரான் குரைத்தது. தோட்டாவைப் போட்டுக் குழலை மூடினேன். பெரணி அசைந்து கிழக்கே போனது, நின்றது. சட்டையின் வாசனை அங்கே எட்டியிருக்கவேண்டும். அசைவு திரும்பி என் பக்கம் வந்தது. முதலில் பெரிய பெண்பன்றி, தலை குனிந்து, வேலி உடைந்த இடைவெளியை நேராக நோக்கி. அதற்குப் பின்னால் ஆள் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன். ஒரே வெடி.

லிங்கேஸ்வரன் ஓடிவந்து, பன்றியைப் பார்த்து, என்னைப் பார்த்து, தூரத்தில் கழியில் ஆடிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தான். அடுத்த ஞாயிறும் அதே மாதிரி செய்தோம். இன்னொன்று விழுந்தது, மிச்சமிருந்து காட்டுக்குள் போனவை திரும்பவில்லை. கன்றுகள் நிற்கின்றன. கலாவதி அந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை, ஆனால் அழைக்கவும் இல்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: தைலம் ஊற்றிய சட்டை கிழக்கே பாலத்தில்; தைலம் தடவிய நான் மேற்கே பம்பு வீட்டில்; கடற்காற்று எழுவதற்குள் நாயை விடவேண்டும்.