நோவாவைப் போர்த்தியவன்

மாக்கோன் நகரப் புத்தகக் கடையில் கயெத்தான் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பைபிளில் வரும் நோவாவின் கதையை இன்றைய திராட்சைத் தோட்டம் ஒன்றில் வைத்து அவன் எழுதிய நாவல். கிழவன் குடித்துவிட்டுத் துணியில்லாமல் கிடக்கிறான். மகள் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிச் சிரிக்கிறாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய்ப் போர்த்துகிறான்.

நடந்தது வேறு. அறுவடை முடிந்த விருந்தன்று அப்பா அப்படித்தான் கிடந்தார். பழம் பறிக்க வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டியவன் கயெத்தான். போர்த்தியவள் அக்கா சொலாஞ்ச்.

அவள் இன்று வந்தவர்களுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தோட்டத்து ஒயின். கயெத்தானுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள்.

"பின்பக்கமாவே நடந்து போனியாமே. கால் இடறலையா?"

"அக்கா, அது நாவல்."

"தெரியும். அப்பாவுக்குத் தெரியணுமே. நேத்துதான் படிச்சு முடிச்சாரு. அதுலேர்ந்து எங்கிட்ட பேசல."

அவள் போய்விட்டாள். வரிசை நகர்ந்தது.

"எந்தப் பேருக்கு எழுதணும்?"

"அன்செல்ம். அப்பன் பேரே மறந்துபோச்சா, எழுத்தாளரே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கயெத்தான் நிமிர்ந்தான். அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"போர்த்தினது சொலாஞ்ச்தான்னு இருபது வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேக்க வெக்கம். நீயாடா?"

பக்கத்தில் கடைக்கார அம்மாள் நின்றாள். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

"நாவல்ல சிலதை மாத்தித்தாம்ப்பா எழுதுவோம்."

"எதை மாத்தின?"

கயெத்தானுக்குக் காது சுட்டது.

"ஊர்ப் பேரை."

அப்பா தலையாட்டினார். அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு ஒயின் மேசைப் பக்கம் போனார். சொலாஞ்ச் கோப்பையை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. வேறொரு கோப்பையை எடுத்துத் தானே ஊற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது.

கயெத்தான் எழுந்தான்.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு," என்று அடுத்து நின்ற பெண் புத்தகத்தை நீட்டினாள்.

அவன் உட்கார்ந்தான்.

"எந்தப் பேருக்கு?"